மாமாவின் வானைத் தூக்கிப் பார்த்தோம்

"மருமோன், நான் இந்த வானை விக்கப்போறன். கண் சரியில்லை, இரவில ஓட ஏலாமல் கிடக்கு. வெளியில ஆருக்கும் குடுக்க மனமில்லை. நீ எடுக்கிறியோ?"

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் மாமா தொலைபேசியில் இப்படிக் கேட்டபோது, நானும் மனைவியும் ஆறு கிழமையாக வான் தேடிக்கொண்டிருந்தோம். மூன்றாவது பிள்ளை சித்திரையில் பிறக்க இருந்தது. எங்கள் காரின் பின்பக்கத்தில் மூன்று குழந்தை இருக்கைகளை ஒரு வரிசையில் வைத்துப் பார்த்தேன். வைக்கலாம், கதவைப் பூட்டத்தான் முடியவில்லை. கோயிலுக்கோ கலியாண வீட்டுக்கோ அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் இரண்டு கார் எடுக்கவேண்டும். புது வான் வரியும் சேர்த்து 50,000 டொலரைச் சுற்றி நிற்கிறது. வீட்டுக் கடன் புதுப்பித்த கதையைப் போன மாதம் இதே இடத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர்களுக்கு நான் ஏன் பாவித்த வான் தேடினேன் என்று விளக்கத் தேவையில்லை.

மாமாவின் வான் 2013 மாடல். 205,000 கிலோமீற்றர் ஓடியது. 9,000 டொலர் சொன்னார். "முதல்ல ஒரு மெக்கானிக்கிட்டக் காட்டிப் பாப்பம்" என்று நான் சொன்னதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"அண்ணை குடுக்கிற சாமானைப் போய்ச் சோதிக்கிறதோ? அவர் என்ன நினைப்பார்?"

பாவித்த வானை எப்படிப் பார்ப்பது என்று சொல்ல இணையத்தில் ஆயிரம் பட்டியல் கிடக்கிறது. சொந்தக்காரரின் வானை, கோயிலில் பழக்கமானவரின் வானை, "நாங்கள் தமிழாக்கள்தானே" என்று தொடங்குபவரின் வானை எப்படிப் பார்ப்பது என்று ஒரு பட்டியலும் சொல்வதில்லை. ஆனபடியால் இந்த மாதம் அதை எழுதுகிறேன்.

அப்பாவின் வான்

2003 இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஸ்காபரோவில் இரண்டு அறை அப்பார்ட்மென்ற். கோயிலில் பழக்கமான ஒருவரிடம் அப்பா 6,500 டொலருக்கு ஒரு வான் வாங்கினார். கையில் 2,000 இருந்தது. மிச்சம் சீட்டுக் கழித்த காசு. வாங்கும்போது அப்பா பார்த்தது இரண்டே விசயம். உள்ளுக்குத் துப்புரவாக இருக்கிறதா, ஹீற்றர் சூடாக வருகிறதா.

ஐந்தாம் மாதம், 401 நெடுஞ்சாலையில், நாங்கள் ஐந்து பேரும் உள்ளே இருக்க ரான்ஸ்மிஷன் விட்டுப்போனது. எஞ்சின் இரைகிறது, வான் நகரவில்லை. வீதி ஓரத்தில் ஒரு மணித்தியாலம் நின்றோம். திருத்த 3,200 டொலர் கேட்டார்கள். அப்பா வானைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, சீட்டுக் காசை இன்னும் பதினாலு மாதம் கட்டினார். இரவு வேலைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டு.

விற்றவரை அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கண்டபோது அப்பா சண்டை பிடிக்கவில்லை. "அவனுக்கும் தெரிஞ்சிருக்காதடா" என்றார். நான் அதை நம்பவில்லை. இருபது வருடமாக, என் மனதில் அந்த மனிதர் கள்ளன், அப்பா ஏமாளி. வான் தேடத் தொடங்கியபோது என் கையில் ஒரு எக்செல் தாளும் நெஞ்சில் அந்தக் கோபமும் இருந்தன.

கம்பனிப் பேர் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

வான் என்றால் எங்கள் சனம் முதலில் சொல்லும் பேர் ரொயோட்டா சியன்னா, அடுத்தது ஹொண்டா ஒடிசி. அதில் ஞாயம் உண்டு. இரண்டும் நெடுங்காலம் ஓடிய பேர் உள்ளவை. ஆனால் அந்தப் பேருக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். கிலோமீற்றரும் வயதும் ஒத்த டொட்ஜ் கிராண்ட் கரவானை விட சியன்னாவின் விலை பல ஆயிரம் கூட நிற்கும். கரவான் ஒன்ராறியோவின் வின்ட்சரில் செய்யப்பட்ட வான். 1983 இல் தொடங்கிய அந்த வரிசை 2020 ஓகஸ்ட்டில் நின்றது. பழுது வந்தால் பாகங்கள் மலிவு, திருத்தத் தெரிந்தவர்களும் கனபேர்.

பேரை விட மாடலுக்குள் இருப்பதைத் தெரிந்து வைப்பது பயன் தரும். உதாரணத்துக்குச் சில:

ஒடிசியின் வீ-6 எஞ்சினில் இருப்பது ரைமிங் பெல்ற். ஏறத்தாழ 160,000 கி.மீ. வந்ததும் மாற்றவேண்டும். அறுந்தால் எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் மோதும். செலவு எஞ்சின் விலைக்கே போகும். 150,000 ஓடிய ஒடிசியை ஒருவர் மலிவாகத் தருகிறார் என்றால், பெல்ற் மாற்றிய பற்றுச்சீட்டைத்தான் முதலில் கேட்கவேண்டும். 2011க்குப் பிந்திய சியன்னாவின் வீ-6 இலும் கிராண்ட் கரவானிலும் சங்கிலி. அந்தச் செலவு இல்லை.

2021 தொடக்கம் சியன்னா முழுக்க ஹைபிரிட். பெற்றோல் மிச்சம். ஆனால் நடு வரிசை இருக்கைகளைக் கழற்றி எடுக்க முடியாது. கட்டில் மேசை ஏற்றும் ஆட்கள் இதை யோசிக்கவேண்டும். கரவானிலும் சாதாரண பசிபிக்காவிலும் நடு இருக்கைகள் தரைக்குள் மடியும். ஹைபிரிட் பசிபிக்காவில் மடியாது, அந்த இடத்தில் பற்றறி.

இதெல்லாம் தெரிந்தபிறகும் கம்பனிப் பேர் ஒரு சராசரிதான். நல்ல குடும்பம் என்று விசாரித்துச் சம்பந்தம் பேசலாம். மாப்பிள்ளையைப் பார்க்காமல் நாள் வைக்க ஏலுமோ? நீங்கள் வாங்கப்போவது ஒரேயொரு வானை.

முதலில் கடதாசி

வானைப் பார்க்கப் போகமுன்னம் வீட்டில் இருந்தபடியே செய்யக்கூடியது கடதாசி வேலை. வின் இலக்கத்தைக் கேளுங்கள். 17 எழுத்தும் இலக்கமும். பத்தாவது இடம் மாடல் ஆண்டைச் சொல்லும்: எச் என்றால் 2017, ஜே என்றால் 2018, கே என்றால் 2019. வின் தர மனமில்லாதவரிடம் போகத் தேவையில்லை.

ஒன்ராறியோவில் தனியார் ஒருவர் வாகனம் விற்கும்போது யூ.வி.ஐ.பி. என்ற தகவல் பொதியை வாங்குபவருக்குக் கொடுக்கவேண்டும். சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலர். வான் மாகாணத்துக்குள் யார் யார் பேரில் இருந்தது, கிலோமீற்றர் பதிவு, வாகனத்தின் மேல் கடன் நிற்கிறதா, மொத்த விலை, சில்லறை விலை எல்லாம் அதில் வரும். கடன் விசயம் முக்கியம். விற்றவர் கட்டாமல் விட்ட கடனுக்கு உங்கள் வாசலில் நிற்கும் வானைத் தூக்கிக்கொண்டு போகலாம்.

விபத்து வரலாறுக்குக் கார்ஃபக்ஸ். அதில் ஒன்றும் இல்லை என்றால் பதிவாகவில்லை என்றுதான் அர்த்தம். கைக்காசு கொடுத்துத் திருத்திய விபத்து அங்கே வராது. பாதுகாப்புக் குறைக்காகக் கம்பனி திருப்பி அழைத்த வாகனமா என்று வின் இலக்கத்தை வைத்து இலவசமாகப் பார்க்கலாம். 2011 முதல் 2016 வரையான சியன்னாக்களை, ஓடும்போது பக்கக் கதவு திறக்கக்கூடும் என்று 2016 இல் ரொயோட்டா திருப்பி அழைத்தது. பிள்ளைகள் இருக்கும் பக்கம் அது. திருத்தம் இலவசம், செய்துவிட்டார்களா என்பதுதான் கேள்வி.

லண்டனில் இருப்பவர்களுக்கு இதில் அதிர்ஷ்டம். வாகனத்தின் எம்.ஓ.டி. வரலாறு முழுவதும் அரச தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, எந்த வருடம் எதில் தவறியது என்பது வரைக்கும். அவுஸ்திரேலியாவில் கடன் நிற்கிறதா என்று பார்க்க பி.பி.எஸ்.ஆர். பதிவேடு உண்டு.

பதினொரு கிலோமீற்றர்

மாமா கேட்கமுன்னம் நாங்கள் பார்த்த வான்களில் ஒன்று எனக்கு நல்லாப் பிடித்திருந்தது. விலையும் வாசி. விற்றவர் தமிழர். தேத்தண்ணி தந்தார். "ஊரில எவடம்?" என்று கேட்டு, அம்மாவின் ஊருக்கு அடுத்த ஊர் என்று கண்டுபிடித்தார். "நாங்கள் தமிழாக்கள், உங்களுக்குப் பொய் சொல்லுவனே?" என்றார்.

நான் சட்டைப் பையில் ஒரு சின்னக் கருவி வைத்திருந்தேன். ஓ.பி.டி. ஸ்கானர். 40 டொலருக்குள் வாங்கலாம். சுக்கானுக்குக் கீழே உள்ள துவாரத்தில் செருகினால் வாகனத்தின் கணினி பதிந்து வைத்திருப்பதைக் கைத்தொலைபேசியில் காட்டும். எஞ்சின் விளக்கு எரியாமல் இருந்தால் பிழை ஒன்றும் இல்லை என்று நினைக்கிறோம். ஆனால் அந்த விளக்கை, இதே 40 டொலர் கருவியால் அரை நிமிடத்தில் அழிக்கலாம். அழித்தால் கூடவே வேறு ஒன்றும் அழிந்துபோகும். வாகனம் தன்னைத்தானே சோதித்து வைத்த முடிவுகள். அவை திரும்ப நிரம்பப் பல நாள் ஓட்டம் வேண்டும். அதுவரைக்கும் ஸ்கானரில் "தயாரில்லை" என்று காட்டும். பல வாகனங்களில் இன்னொரு எண்ணும் வரும்: பிழைக் குறிகளை அழித்தபிறகு ஓடிய தூரம்.

என் வேலையிலும் இதுதான் கதை. ஒரு சேர்வர் விழுந்தால் முதலில் லொக் பார்ப்போம். லொக்கில் பிழை இருந்தால் பயமில்லை, திருத்தலாம். லொக் வெறுமையாக இருந்தால்தான் வயிறு கலங்கும்.

அந்த வானில் வந்த எண் 11. பதினொரு கிலோமீற்றர்.

"போன கிழமை பற்றறி மாத்தினது தம்பி, அதாலதான்" என்றார். நடக்கக்கூடியதுதான், பற்றறி கழற்றினாலும் சில வாகனங்களில் நினைவு அழியும். நான் பொனற்றைத் திறந்து பார்த்தேன். பற்றறியின் மேல் தூசி படிந்திருந்தது, இறுக்கும் கம்பியில் கறள். பிறகு யூ.வி.ஐ.பி.யைக் கேட்டேன். பதிவில் இருந்த பேர் அவருடையது இல்லை. "கூட்டாளியின்ர வான், அவன் ஊருக்குப் போட்டான், நான்தான் வித்துக் குடுக்கிறன்" என்றார்.

உரிமம் இல்லாமல், தனியார் மாதிரி வேஷம் போட்டு வாகனம் விற்பவர்களைப் பற்றி ஒன்ராறியோவின் வாகன விற்பனைக் கண்காணிப்புச் சபையான ஓம்விக் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. பதிவில் வேறு பேர் என்பது அதன் முதல் அடையாளம். உரிமம் பெற்ற விற்பனையாளர் என்றால், 3,000 டொலருக்கு மேற்பட்ட விபத்துத் திருத்தம், வாடகைக்கு ஓடியது, டாக்சியாக ஓடியது எல்லாம் எழுத்தில் சொல்லவேண்டும். தனியாரிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இன்னொன்றும் நினைவில் வையுங்கள்: ஒன்ராறியோவில் விற்பனையாளரிடம் கையெழுத்து வைத்தபிறகு "மனம் மாறிட்டுது" என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையும் இல்லை.

தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் எனக்குள் ஒரு சந்தோசம், வெட்கப்படவேண்டிய சந்தோசம்: இருபது வருடம் கழித்து அப்பாவின் கள்ளனைப் பிடித்துவிட்ட மாதிரி.

கீழே குனிந்து பாருங்கோ

எங்கள் நாட்டில் வானைக் கொல்வது கிலோமீற்றரை விட உப்பு. குளிர்காலத்தில் வீதியில் போடும் உப்பு, அடித்தகட்டில் ஒட்டி, வருடக்கணக்காகத் தின்னும். 1998 முதல் 2010 வரையான சியன்னாக்களில், மேலதிக ரயரை அடியில் தாங்கும் கம்பி உப்பில் கறள் பிடித்து அறுந்து, ரயர் வீதியில் விழக்கூடும் என்று வட அமெரிக்காவின் குளிர் பகுதிகளில் 2010 இல் திருப்பி அழைத்தார்கள். நல்ல பேர் எடுத்த வான்தான். உப்புக்குப் பேர் தெரியாது.

மேலால் பார்க்கும்போது கதவுகளுக்குக் கீழே ஓடும் ஓரத் தகடு, பின் சில்லுகளுக்கு மேலான வளைவு, சறுக்குக் கதவின் கீழ்த் தண்டவாளம், இந்த மூன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். மேலோட்டமான செம்மண் நிறக் கறள் எல்லா வானிலும் உண்டு, பயப்படத் தேவையில்லை. தட்டினால் உதிருகிறது, பெயின்ற் கொப்பளித்து நிற்கிறது, அல்லது புதிதாகக் கறுப்புப் பெயின்ற் அடித்திருக்கிறது என்றால் கவனம்.

மிச்சத்தை லிஃப்ற்றில் தூக்கித்தான் பார்க்கவேண்டும். எஞ்சினைத் தாங்கும் சட்டம், பிறேக் எண்ணெய் ஓடும் குழாய்கள், எரிபொருள் குழாய்கள். விற்பவருக்குச் சம்பந்தம் இல்லாத கராஜில், நீங்கள் காசு கட்டிப் பார்க்கவேண்டும். எனக்கு 120 டொலர் எடுத்தார்கள். "சேஃப்ரி போட்டுத்தாறன்" என்று விற்பவர் சொன்னால் அது நல்லது, ஆனால் அது வேறு விசயம். அந்தச் சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லுபடி. சோதித்த நாளில் குறைந்தபட்சத் தரம் இருந்தது என்று மட்டும் சொல்லும். எஞ்சின் எவ்வளவு காலம் ஓடும் என்று சொல்லாது.

குடும்பத்தோடு ஒரு சோதனை

வான் என்பது பிள்ளைகளுக்காக வாங்குவது. ஆனபடியால் உங்கள் குழந்தை இருக்கைகளைக் கொண்டுபோய் உண்மையாகவே பொருத்திப் பாருங்கள். மூன்றாம் வரிசைக்கு ஏற நடு இருக்கையைச் சாய்க்கவேண்டும். அதில் குழந்தை இருக்கை கட்டியிருந்தால் பல வான்களில் சாய்க்க முடியாது. பின்னுக்கு யார் ஏறுவது, எப்படி ஏறுவது? எங்கள் மூத்தவள்தான் இதைக் கண்டுபிடித்தாள்.

இரண்டு சறுக்குக் கதவையும் ஐந்து தரம் திறந்து பூட்டுங்கள், திறப்பில் உள்ள பொத்தானாலும் கைப்பிடியாலும். மோட்டர் திணறினால் திருத்தச் செலவு சின்னது இல்லை. பின் வரிசைக்கு ஹீற்றரும் குளிரும் வருகிறதா? ரயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 இன் 23ஆம் கிழமை செய்தது. நாலு ரயரும் நாலு வருடத்தவை என்றால் அதுவே ஒரு கதை சொல்லும்.

போகமுன்னம் விற்பவருக்கு, "நாங்கள் வரும்வரைக்கும் எஞ்சினை ஸ்ராட் பண்ணாதேங்கோ" என்று சொல்லிவையுங்கள். குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லாது. முதல் ஒரு நிமிடச் சத்தமும் பின்னால் வரும் புகையும் கனக்கச் சொல்லும். பிறகு நெடுஞ்சாலையில் ஓடி, வானொலியை நிறுத்தி, கியர் மாறும் இடத்தில் உதைக்கிறதா, பிறேக் பிடிக்கும்போது சுக்கான் நடுங்குகிறதா என்று பாருங்கள்.

விலை சரியோ?

"நல்ல விலை" என்பதற்கு என்னிடம் ஒரு கணக்குத்தான் உண்டு: இனி ஓடப்போகும் ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை சதம்.

ஒரு வான் 16,000 டொலர், 190,000 கி.மீ. இன்னொன்று 21,000 டொலர், 120,000 கி.மீ. முதலாவது ஐயாயிரம் மலிவு. இரண்டுமே 300,000 வரை ஓடும் என்று எடுத்துக்கொள்வோம். முதலாவதுக்கு 13 வீத வரி சேர்த்தால் 18,080. பெல்ற், ரயர், பிறேக் எல்லாம் வாங்கின உடனேயே செய்ய 3,500. மொத்தம் 21,580. மிச்சம் 110,000 கி.மீ. கிலோமீற்றருக்கு 19.6 சதம். இரண்டாவது வரியோடு 23,730, உடனடி வேலைக்கு 1,000. மொத்தம் 24,730, மிச்சம் 180,000 கி.மீ. வருவது 13.7 சதம். மலிவான வான் எது என்று இப்போது சொல்லுங்கள்.

இந்தக் கணக்கில் ஒரு இடம் மட்டும் ஊகம்: எதுவரை ஓடும் என்பது. எஞ்சின், ரான்ஸ்மிஷன், தகரம் மூன்றில் முதலில் சாகப்போவது எதுவோ, அதுதான் வானின் ஆயுள். அதைச் சொல்லத்தான் மெக்கானிக்.

மாமாவின் கொப்பி

கடைசியில் மாமாவிடம் நானே போய்க் கேட்டேன். சுத்தி வளைக்கவில்லை. "மாமா, உங்களில எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. ஆனால் வானுக்குக் கீழ நீங்களும் பாத்ததில்லை, நானும் பாத்ததில்லை. ரெண்டு பேருமாப் போய்ப் பாப்பம்."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழும்பிப்போய் ஒரு கொப்பி கொண்டுவந்தார். ஊரில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். வான் வாங்கிய நாளிலிருந்து ஒயில் மாற்றிய திகதி, கிலோமீற்றர், கட்டிய காசு, எந்தக் கராஜ் எல்லாம் வரி வரியாக எழுதி, பற்றுச்சீட்டுகளை பின்னட்டையோடு கட்டி வைத்திருந்தார். 8,000 கி.மீ. தாண்டி ஒயில் மாற்றிய ஒரு இடம் இல்லை. நான் பார்த்த எந்த வானுக்கும் இப்படி ஒரு லொக் இருந்ததில்லை.

அப்பாவும் கூட வந்தார். ஏஜாக்ஸில் ஒரு கராஜ். ஸ்கானரில் ஒரு பிழையும் இல்லை, எல்லாச் சோதனையும் "தயார்". எஞ்சின் நல்ல சுகம். பிறகு வானை லிஃப்ற்றில் தூக்கினார்கள். நாங்கள் மூன்று பேரும் அடியில் போய் நின்றோம்.

மெக்கானிக் டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்தார். பின் பிறேக்குக்குப் போகும் இரும்புக் குழாய் செதில் செதிலாக உரிந்து, ஒரு இடத்தில் ஈரமாக இருந்தது. "இது கசியத் தொடங்கிட்டுது ஐயா. பிறேக்கை இறுக்கி அமத்திற அண்டைக்கு வெடிக்கும்." மாமா அந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். முதல் நாள் பின்னேரம் அதே வானில் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோய் வந்திருந்தார்.

வான் எந்தக் கம்பனி என்று நான் எழுதவில்லை. இது கம்பனியின் பிழை இல்லை, பன்னிரண்டு குளிர்காலத்தின் வேலை. கொப்பியில் இல்லாத ஒரே விசயம், ஒருவரும் குனிந்து பார்க்காத இடத்தில் இருந்தது.

குழாய்களை மாமா அன்றைக்கே தன் காசில் மாற்றினார், நான் கேட்கவில்லை. மெக்கானிக்கிடம் நான் கேட்டது ஒன்று: இன்னும் எவ்வளவு ஓடும்? "எஞ்சின் 300 ஓடும் தம்பி. தகரம் அவ்வளவுக்கு நிக்காது. 260 எண்டு வையுங்கோ."

இனித்தான் கஷ்டமான பகுதி. 9,000 டொலர், அதற்கு வரி 1,170, ரயர் 900. மொத்தம் 11,070. மிச்சம் 55,000 கி.மீ. கிலோமீற்றருக்கு 20 சதம். மாமாவிடம் விலை பேச எனக்கு வாய் வரவில்லை. கணக்கை அவருடைய கொப்பியின் கடைசிப் பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.

"சங்கக்கடையில, கெடு கிட்டின சரக்குக்கு முழுவிலை போட்டால் ஓடிற்றர் கிழிப்பான்" என்றார். "ஆறு தா."

ஒரு சின்னத் தகவல். நாங்கள் பேசியது 6,000 என்றாலும், தகவல் பொதியில் இருந்த மொத்த விலை 7,000. தனியார் விற்பனையில் இரண்டில் எது பெரிதோ அதற்குத்தான் 13 வீத வரி, ஆகவே 910. பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி என்று நெருங்கிய குடும்பத்துக்குள் அன்பளிப்பாக மாற்றினால் வரி இல்லை. எங்கள் முறையில் மாமா தகப்பனுக்குச் சமன்; ஒன்ராறியோவின் பட்டியலில் மாமா இல்லை. எல்லாம் சேர்த்து 7,810 டொலர், கிலோமீற்றருக்கு 14 சதம். எங்கள் ஓட்டத்துக்கு மூன்று வருடம். பிறகு பார்க்கலாம்.

அம்மா பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. மாமி அம்மாவுக்குப் போன் பண்ணி, "தம்பி பாத்தபடியால தப்பினம்" என்று அழுதிருக்கிறா. சோதிக்காமல் வாங்கியிருந்தால்தான் அந்த உறவுக்கு ஆபத்து. நாலாம் மாதம் பிறேக் விட்டிருந்தால், மாமாவைப் பற்றி என் பிள்ளைகள் எந்தக் கதையைக் கேட்டு வளர்ந்திருப்பார்கள் என்று எனக்கு நல்லாத் தெரியும். நான் அப்படி வளர்ந்தவன்.

வீட்டுக்கு வரும்போது அப்பா முன் இருக்கையில் இருந்தார். 401 இல் ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"அவனுக்கும் தெரிஞ்சிருக்காது எண்டு அப்பவே சொன்னனான் எல்லோ."

2003 இல் அந்த மனிதர் பொய் சொன்னாரா, தெரியாமல் விற்றாரா என்று எனக்கு இனித் தெரியவராது. இருபது வருடம் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். ஒரு மணித்தியாலம் வானைத் தூக்கியிருந்தால் கேள்வியே வந்திராது.

அடுத்த மாதம் குழந்தை இருக்கைகள் பற்றி: காலாவதித் திகதி, கைமாறி வரும் இருக்கைகள், பிள்ளையை எப்போது அடுத்த இருக்கைக்கு மாற்றுவது. அதுவரைக்கும், வாசலில் நிற்கிற உங்கள் சொந்த வானுக்குக் கீழேயும் ஒருக்காக் குனிந்து பாருங்கோ.